இரட்டைப் பிணைப்பு சுழலாது என்றால், மேலியிக் அமிலம் ஃபியூமரிக் அமிலமாக மாறுவது எப்படி?

கேள்வி: அஸ்தம்பட்டி மாணவி

வணக்கம். சேலத்தில் இளநிலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இரட்டைப் பிணைப்பைச் சுற்றிச் சுழற்சி நிகழ முடியாது என்பதால்தான் சிஸ் வடிவமான (இரு அமிலத் தொகுதிகளும் ஒரே பக்கம் உள்ள) மேலியிக் அமிலமும் டிரான்ஸ் வடிவமான (அவை எதிரெதிர்ப் பக்கம் உள்ள) ஃபியூமரிக் அமிலமும் தனித்தனிச் சேர்மங்களாக நிலைத்திருக்கின்றன என்று வடிவ மாற்றியப் பாடத்தில் படித்தோம். ஆனால் ஆய்வகத்தில் மேலியிக் அமிலத்தை நீரில் கரைத்து, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, கண்டன்சர் பொருத்திக் கொதிக்க வைத்தபோது, தெளிவாக இருந்த கரைசலில் சூடு ஆறுவதற்கு முன்பே வெண்படிகங்கள் திரண்டு இறங்கின. தொடக்கப் பொருள் 130 டிகிரியை ஒட்டி உருகியது. வடிகட்டி உலர்த்திய படிகமோ 200 டிகிரியைக் கடந்தும் உருகவில்லை. கிடைத்தது ஃபியூமரிக் அமிலம் என்று பதிவேட்டில் எழுதிவிட்டோம். சுழலவே முடியாத பிணைப்பு எப்படிச் சுழன்றது? காரணம் வெப்பமா, அமிலமா?

பதில் 1: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், அம்மாப்பேட்டை

முதலில் கணக்கைப் பார்த்துவிடுங்கள் அம்மா. ஈத்தேனில் கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பைச் சுற்றிச் சுழல மோலுக்கு ஏறத்தாழ 12 கிலோஜூல் போதும். எத்திலீனில் அதே சுழற்சிக்கு, இரட்டைப் பிணைப்பின் இரண்டாவது பிணைப்பான பை பிணைப்பை முறித்தாக வேண்டும் என்பதால் ஏறத்தாழ 270 கிலோஜூல் தேவைப்படுகிறது. அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளிடம் புழங்கும் வெப்ப ஆற்றல் மோலுக்கு 2.5 கிலோஜூல் அளவில்தான் இருக்கிறது. சேலத்துச் சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொட்டாலும் அது 2.6 ஆகுமே தவிர வேறொன்றும் நடக்காது. ஆகவே அந்தத் தடையை நேராக ஏறிக் கடக்க முடியாது என்ற அளவில் பாடநூல் சொல்வது சரியே. உங்கள் குடுவையில் மூலக்கூறு அந்தத் தடையின் மேல் ஏறவே இல்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதற்குத் தாழ்வான வேறொரு வழியைத் திறந்துவிட்டது.

அந்த வழி இது. மேலியிக் அமிலத்தின் ஒரு கார்பாக்சில் (–COOH) தொகுதியிலுள்ள ஆக்சிஜன் புரோட்டானை ஏற்கிறது. அதனால் எலக்ட்ரான் குறைந்துபோன இரட்டைப் பிணைப்பின் மறுமுனைக் கார்பனைக் குளோரைடு அயனி தாக்கி இணைகிறது. இணைந்த அந்தக் கணத்தில், முன்பு இரட்டைப் பிணைப்பாக இருந்த இடத்தில் வெறும் ஒற்றைப் பிணைப்புதான் இருக்கிறது. அதைச் சுற்றி மூலக்கூறு தாராளமாகச் சுழலலாம். பிறகு குளோரைடு விலகும்போது இரட்டைப் பிணைப்பு மீண்டும் உருவாகிறது, பெரும்பாலும் இரு கார்பாக்சில் தொகுதிகளும் எதிரெதிரே நிற்கும் டிரான்ஸ் வடிவில். குளோரைடு வந்த வழியே போய்விடுவதால் விளைபொருளில் குளோரின் இருப்பதில்லை. அது வினையூக்கியாகவே செயல்படுகிறது. தொழிற்சாலைகளில் இதே மாற்றத்துக்குத் தயோயூரியாவைப் பயன்படுத்துவதும் உண்டு.

வெப்பம் இந்த வழியில் நடையை விரைவுபடுத்துகிறது, அவ்வளவே. ஐயம் இருந்தால் அமிலம் சேர்க்காமல் மேலியிக் அமிலக் கரைசலை மட்டும் அதே நேரம் கொதிக்க வைத்துப் பாருங்கள், படிகம் இறங்காது. இந்த ஒப்பீட்டுக் குடுவையைப் பல ஆய்வகங்களில் நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், சோதனையின் பாதிப் பயன் அதில்தான் இருக்கிறது.

பதில் 2: ஏற்காடு மிளகு ஆய்வாளர்

ஐயா சொன்னதோடு ஒளி என்ற இன்னொரு வழியையும் சேர்க்க விரும்புகிறேன். சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட கொடிகளிலிருந்து வரும் மிளகை நாங்கள் பரிசோதிக்கிறோம். மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் மூலக்கூறின் சங்கிலியில் அடுத்தடுத்து இரண்டு இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. இரண்டுமே டிரான்ஸ் அமைப்பில் இருப்பதுதான் பைப்பரின். ஒன்றோ இரண்டுமோ சிஸ் ஆனால் ஐசோபைப்பரின், ஐசோசாவிசின், சாவிசின் என்று மூன்று மாற்றியங்கள் கிடைக்கும்; அவற்றில் காரம் மிகக் குறைவு. பைப்பரின் கரைசலை ஒளிபடும்படி வைத்தால், ஒளியை உறிஞ்சிய எலக்ட்ரான் பிணைப்புக்கு எதிரான ஆர்பிட்டாலுக்குத் தாவுவதால் பை பிணைப்பு தளர்ந்து, இந்த மாற்றம் அறை வெப்பநிலையிலேயே நிகழ்ந்துவிடும். அதனால்தான் நாங்கள் கரைசலைப் பழுப்புக் குடுவையில் ஊற்றி உடனுக்குடன் அளக்கிறோம். சாதாரணக் குடுவையில் சன்னலோரம் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், திரும்பி வந்து அளக்கும் பைப்பரின் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும்.

அஸ்தம்பட்டி மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஓர் ஐயம். குளோரைடு இணைவதும் விலகுவதும் இரு திசையிலும் நடக்கக்கூடியது என்றால், ஃபியூமரிக் அமிலம் ஏன் அதே வேகத்தில் மேலியிக் அமிலமாகத் திரும்புவதில்லை?

பதில் 3: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், அம்மாப்பேட்டை

நல்ல கேள்வி. திரும்பும் வினையும் நடக்கிறது, ஆனால் சமநிலை ஃபியூமரிக் பக்கமே சாய்ந்திருக்கிறது. சிஸ் வடிவத்தில் இரு கார்பாக்சில் தொகுதிகளும் ஒரே பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நிற்பதால், மேலியிக் அமிலத்தின் ஆற்றல் மோலுக்கு 20 கிலோஜூலுக்கும் கூடுதலாக இருக்கிறது. இதோடு கரைதிறனும் சேர்ந்துகொள்கிறது: 25 டிகிரியில் 100 மில்லி நீரில் மேலியிக் அமிலம் ஏறத்தாழ 79 கிராம் கரையும், ஃபியூமரிக் அமிலமோ ஒரு கிராம்கூடக் கரையாது. உண்டான ஃபியூமரிக் அமிலம் படிகமாக இறங்கிக் கரைசலை விட்டு வெளியேறிவிடுவதால், திரும்பிச் செல்வதற்குக் கரைசலில் மிஞ்சுவது மிகக் கொஞ்சமே.

திருப்பியே ஆக வேண்டுமானால் சுற்றுவழி ஒன்று உண்டு. ஃபியூமரிக் அமிலத்தை 230 டிகிரிக்கு மேல் பலமாகச் சூடேற்றினால் நீர் நீங்கி மேலியிக் நீரிலி கிடைக்கும். வளையம் மூடுவதற்கு இரு தொகுதிகளும் ஒரே பக்கம் வந்தாக வேண்டும் என்பதால், அந்த உயர்வெப்பத்தில் மூலக்கூறு சிஸ் வடிவத்துக்கு வந்த பிறகே இது நிகழ்கிறது. அந்த நீரிலியை நீரோடு வினைப்படுத்தினால் மேலியிக் அமிலம் திரும்பக் கிடைத்துவிடும். நேர்மாறாக, மேலியிக் அமிலத்தில் தொகுதிகள் ஏற்கெனவே பக்கத்தில் இருப்பதால் அது தன் உருகுநிலையைச் சற்றுக் கடந்ததுமே நீரிலியாகத் தொடங்கும். உருகுநிலை பார்க்கும்போது மெதுவாகச் சூடேற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.