டர்போ ஏற்றிய பிறகு வளைவில் பின்பக்கம் வழுக்குகிறது: ஸ்பிரிங்கை மாற்றவா, சேஸிஸை இறுக்கவா?

வளைவுக்காரன்
வணக்கம். என்னுடையது 1991 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 (கூரை திறக்கும் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்), 1.6 லிட்டர் எஞ்சின். புதிதில் சுமார் 115 எச்.பி. ஆறு மாதத்துக்கு முன் டர்போ ஏற்றினேன். டைனோவில் (பவர் அளக்கும் மெஷின்) சக்கரத்திலேயே 185 எச்.பி. காட்டியது. எஞ்சின் பக்கம் ஒரு குறையும் இல்லை. தொல்லை எல்லாம் கீழே.

இரண்டாவது கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், ரோட்டில் சின்ன மேடு இருந்தாலே போதும், பின்பக்கம் சட்டென்று வெட்டிக்கொண்டு போகிறது. முன்னறிவிப்பே கிடையாது. நேர் ரோட்டிலும் முழுசாக மிதித்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது, காலை எடுத்தால் இடப்பக்கம் போகிறது. அப்புறம், கியர் மாற்றும்போது பின்னாலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம்.

டர்போவோடு சேர்த்து, வண்டியை 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங்குகளை நானே மாட்டினேன். ஷாக் அப்சார்பர் பழசுதான். இப்போது யோசிப்பது: கடினமான காயில்ஓவர் செட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக வரும் செட்), பின்னால் தடித்த ஆன்டி ரோல் பார் (வளைவில் உடம்பு சாய்வதைக் குறைக்கும் கம்பி), முன்னால் ஸ்டரட் பிரேஸ் (இரண்டு பக்க ஷாக் மேல்முனைகளையும் இணைக்கும் கம்பி). எதை முதலில் வாங்கலாம்?

நாலாம்கியர்
யோசிக்கவே வேண்டாம் நண்பா, காயில்ஓவர்தான். இருப்பதிலேயே கடினமான ஸ்பிரிங் எடுங்கள். பின்பக்க பாரும் சேர்த்து மாட்டிவிட்டால் வண்டி தண்டவாளத்தில் ஓடுவது மாதிரி இருக்கும். என் வண்டியில் அதுதான் செய்தேன்.

திருகாணி
நாலாம்கியர் தம்பி, உங்களுடையது முன்சக்கரம் இழுக்கும் வண்டி. அதில் பின்பக்க பார் தடித்தால் நல்லது. இவருடையது பின்சக்கரம் தள்ளும் வண்டி, டிஃப்ரென்ஷியலும் (இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பெட்டி) ஓப்பன், அதாவது ஒரு சக்கரம் சும்மா சுழன்றால் மறுசக்கரத்துக்கும் விசை போகாது. பின்னால் பாரைத் தடித்தால் உள்பக்கச் சக்கரத்தின் பாரம் இன்னும் குறைந்து அது சும்மா சுழலும், மீதிப் பிடிப்பும் போகும். கேட்பவருக்கு ஏற்கெனவே பின்பக்கம்தான் விடுகிறது.

வளைவுக்காரன், பர்ஸைக் கொஞ்சம் மூடி வையுங்கள். மிதித்தால் ஒரு பக்கம், விட்டால் மறுபக்கம் என்றால் முதல் சந்தேகம் புஷ், அதாவது ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் கை) வண்டியோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் மூட்டு. டயரின் தள்ளுவிசையில் ஆர்ம் அசைந்து பின் சக்கரத்தின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) மாறுகிறது. பின் சக்கரமே ஸ்டியரிங் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சீராக நேரே ஓடும்போது ஸ்டியரிங் லேசாக இடப்பக்கம் திரும்பி நிற்கிறதா?

இன்னொரு கேள்வி. ஸ்பிரிங் மாட்டியபோது கீழ் ஆர்ம் போல்ட்டுகளை எப்போது இறுக்கினீர்கள், சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தபோதா, தரையில் நின்றபோதா?

வளைவுக்காரன்
ஆமாம் அண்ணா, ஸ்டியரிங் கொஞ்சம் இடப்பக்கம்தான் நிற்கிறது. அலைன்மென்ட் பார்த்த இடத்தில் முன் சக்கரத்தை மட்டும் சரிசெய்துவிட்டு ‘இவ்வளவுதான் வரும்’ என்று அனுப்பிவிட்டார்கள். போல்ட்டுகளை ஸ்டாண்டில் நிற்கும்போதே, சக்கரம் தொங்கும்போதுதான் இறுக்கினேன். அது தப்பா?

திருகாணி
தப்புதான், ஆனால் எல்லோரும் செய்கிற தப்பு. அந்த புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும், அது சுழலாது, முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும். தொங்கும் நிலையில் இறுக்கினால் அதுவே அதன் ஓய்வு நிலை ஆகிவிடும். வண்டியைத் தரையில் இறக்கியதும் 24 மணி நேரமும் முறுக்கியபடியே நிற்கும். முப்பது வயது ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? வண்டி நிற்கிற உயரத்தில், பாரம் சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு.

இரண்டு சோதனை சொல்கிறேன். முதலில் நூல். இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, சக்கர மையத்தின் உயரத்தில் நூல் கட்டுங்கள். பின் டிராக் (இடது, வலது சக்கரங்களின் இடைவெளி) முன் டிராக்கைவிடச் சுமார் 15 மி.மீ. அகலம். அதனால் நூல் முன் மையத்திலிருந்து இருக்கிற தூரத்தைவிடப் பின் மையத்தில் 7-8 மி.மீ. நெருக்கமாக வர வேண்டும். இதை மறந்தால் கணக்கு முழுக்கக் கோணல். பிறகு ரிம்மின் முன் விளிம்பு, பின் விளிம்பு இரண்டிலிருந்தும் நூலுக்கு எவ்வளவு என்று ஸ்டீல் ஸ்கேலில் பாருங்கள். ஓட்டுநர் சீட்டில் உங்கள் எடைக்கு ஏதாவது வையுங்கள்.

அடுத்தது ஜிப் டை. பின் ஷாக்கின் ரப்பர் உறையைத் தூக்கி, கம்பியில் ஒரு ஜிப் டையை இறுக்கமாகக் கட்டிக் கீழே தள்ளிவிட்டு, வழக்கமான வளைவில் ஒரு சுற்று போய் வாருங்கள். ஷாக் அமுங்கிய அளவுக்கு அது மேலே போயிருக்கும். எங்கே போய் நிற்கிறது என்று படம் எடுத்துப் போடுங்கள்.

வளைவுக்காரன்
நேற்று முழு நாளும் வண்டிக்கு அடியில்தான். இடது பின்: முன் விளிம்பு 52, பின் விளிம்பு 55. வலது பின்: 55, 54. நம்பாமல் மூன்று தடவை அளந்தேன்.

ஜிப் டை பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் முழுசாக அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை) போய் முட்டி நசுங்கியே விட்டது. வண்டி சும்மா நிற்கும்போது ஷாக் உடலுக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவில் 12 மி.மீ.தான் இருக்கிறது. இடது கீழ் ஆர்மின் உள்பக்க புஷ்ஷில் கம்பி விட்டு நெம்பினால் ரப்பர் வாய் பிளக்கிறது.

மழைத்தார்
நூல் வெளியே இருக்கிறது, முன் விளிம்பு அதற்குக் கிட்டே வருகிறது. அப்படியென்றால் இடது பின் சக்கரம் 3 மி.மீ. டோ அவுட், அதாவது முன் விளிம்பு வெளியே திரும்பியிருக்கிறது. பின்சக்கரம் தள்ளுகிற வண்டியில் இதைவிட மோசமான கோணம் கிடையாது. பின் பாகம் இடப்பக்கம் நகரப் பார்க்கும், மூக்கு வலப்பக்கம் திரும்பும். நீங்கள் சொன்ன இழுப்பு அப்படியே பொருந்துகிறது.

அந்த 12 மி.மீ. பற்றிச் சொல்ல வேண்டும், இதில்தான் டர்போவும் சஸ்பென்ஷனும் சந்திக்கின்றன. உங்களோடு சேர்த்து வண்டி 1080 கிலோ என்று வையுங்கள். வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களின் தூரம்) 2265 மி.மீ., ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 450. இப்போதைய பவரில் இரண்டாவது கியரில் அரை ‘ஜி’ முடுக்கம் (புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி) வந்தால் பின்னால் போகிற எடை 1080 × 0.5 × 450 ÷ 2265, கிட்டத்தட்ட 107 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 53. சக்கரத்தில் ஸ்பிரிங்கின் கடினம் மி.மீ.க்கு 20 நியூட்டன் என்றால் வண்டி பின்னால் 26 மி.மீ. குந்தும், ஷாக் ஆர்மில் உள்பக்கமாக இருப்பதால் அங்கே அது 0.7 பங்கு, 18. ஆர்ம்களின் கோணம் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும்தான், ஆனால் உங்களிடம் இருப்பதே 12. வளைவில் வெளிச்சக்கரம் சாய்ந்து ஏற்கெனவே அதில் பாதியைத் தின்றிருக்கும்.

பம்ப் ஸ்டாப்பைத் தொட்ட அந்த நொடியே வெளிப் பின்சக்கரம் பல மடங்கு கடினமான ஸ்பிரிங்கில் நிற்பது போல ஆகிவிடும். பாரம் முழுக்க அந்த ஒரு டயரில் விழுகிறது, பிடிப்பு விட்டுப்போகிறது. பழைய பவரில் இவ்வளவு குந்தாததால் தெரியாமல் இருந்திருக்கும்.

நாலாம்கியர்
அப்போ காயில்ஓவர் வேண்டும் என்று நான் சொன்னது பாதி சரிதானே அக்கா? :)

மழைத்தார்
பாதி சரிதான் தம்பி. ‘இருப்பதிலேயே கடினமான’ என்பதுதான் இடிக்கிறது. ஸ்பிரிங்கில் மி.மீ.க்கு 60 நியூட்டன் என்று எழுதியிருந்தாலும் டயரில் அது 60 இல்லை. ஆர்மின் நெம்புவிகிதம் 0.7 என்றால் 60 × 0.7 × 0.7, சுமார் 29. ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 220 கிலோ இருந்தால் அதிர்வெண் 1.8 ஹெர்ட்ஸ். ரோட்டிலும் ரேஸ் டிராக்கிலும் ஓட்ட அது போதும். அதற்கு மேல் போனால் மேட்டில் டயர் துள்ளும், துள்ளும் டயரால் பவரைத் தரையில் போட முடியாது. அந்த ஸ்பிரிங்கை அடக்கும் ஷாக்கும் சேர்ந்து வர வேண்டும்.

உயரத்தையும் 15 மி.மீ. ஏற்றுங்கள். அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

திருகாணி
ஸ்டரட் பிரேஸ் வேண்டாம். டபுள் விஷ்போன் (சக்கரத்துக்கு மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு ஆர்ம்) வண்டியில் முன்னால் மேலே போடும் கம்பிக்குப் பெரிய வேலை இல்லை. கூரை இல்லாத உடம்பு முறுக்குவது தரையில்தான். 1994 மாடலில் 1.8 வந்தபோது மாஸ்டாவே உடம்புக்குக் கூடுதல் பிரேஸ் கொடுத்தது. தரைக்கு அடியில் ஓடும் இரண்டு ரெயில்களைப் பாருங்கள், ஜாக்கி வைத்து நசுக்கியிருப்பார்கள். வலுவூட்டும் கம்பியை அங்கேதான் போட வேண்டும்.

‘டொக்’ சத்தத்துக்கு, கியர்பாக்ஸையும் டிஃப்ரென்ஷியலையும் இணைக்கும் நீள அலுமினிய பீமின் போல்ட்டுகளைப் பாருங்கள். டிஃப்ரென்ஷியலையும் மறக்காதீர்கள். 1.6-இல் ரிங் கியர் (அதற்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) 6 அங்குலம்தான், உங்கள் பவருக்கு அது எப்போது வேண்டுமானாலும் போகலாம். 1.8-இன் 7 அங்குலம் பொருந்தும், ஆனால் ஆக்ஸில்களும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் சேர்த்து மாற்ற வேண்டும். பிரேக்கும் அப்படியே. முன்பு 130 கி.மீ. வேகத்தில் பிடித்த இடத்தில் இப்போது 160-இல் பிடிக்கிறீர்கள், சூடு ஒன்றரை மடங்கு.

வளைவுக்காரன்
மூன்று வாரம் கழித்து வருகிறேன். காயில்ஓவர் இன்னும் வாங்கவில்லை. எல்லா புஷ்ஷும் புது ரப்பர், வண்டியைப் பலகைகள் மேல் நிறுத்தி இறுக்கினேன். பழைய ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டினேன், பம்ப் ஸ்டாப் வரை இப்போது நிறைய இடம். பின்னால் மொத்தம் 2 மி.மீ. டோ இன், கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) மைனஸ் ஒன்றரை டிகிரி.

அந்த பீமின் போல்ட்டுகளில் இரண்டு கையாலேயே சுற்றின. எனக்கே வெட்கமாகிவிட்டது.

அதே வளைவு, அதே மேடு. இப்போதும் பின்பக்கம் நகர்கிறது, ஆனால் நகரப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நகர்கிறது. காலை லேசாக எடுத்தால் திரும்பி வந்துவிடுகிறது. உடம்பு மட்டும் படகு மாதிரி சாய்கிறது. பேட், பிரேக் ஆயில் மாற்றியாயிற்று, 7 அங்குல டிஃப்ரென்ஷியல் தேடிக்கொண்டிருக்கிறேன். அது வரும்வரை டர்போவின் பூஸ்ட்டை (எஞ்சினுக்குள் தள்ளும் காற்றழுத்தம்) குறைத்து வைத்திருக்கிறேன். 60 நியூட்டன் ஸ்பிரிங் அதற்கு அப்புறம்தான்.

திருகாணி
நல்லது. டோவைச் சரிசெய்யும் எக்சென்ட்ரிக் போல்ட்டுகளின் வாஷரிலும் பக்கத்து இரும்பிலும் சேர்த்து பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். 300 கி.மீ. ஓடியதும் குனிந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் டோ ஓடிவிட்டது, நூலை மறுபடி எடுக்க வேண்டும்.