மறுமொழி: ‘பிளேஸ்ஹோல்டர் நேம்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம்.

> ‘இடப்பிடிப் பெயர்’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

எனக்கு உடன்பாடில்லை. பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதுதான் நினைவுக்கு வருகிறது. அது போகட்டும், ஆங்கிலம் ‘பிளேஸ்ஹோல்டர் நேம்’ என்பதில் மூன்று சங்கதிகளை ஒரே பையில் போட்டுக் கட்டியிருக்கிறது. ஆள் யாரென்று தெரியாதபோது இடும் பெயர், யாரென்று சொல்லாமல் விடும்போது இடும் பெயர், யாருக்கும் பொருந்தட்டும் என்று இடும் மாதிரிப் பெயர்.

முதல் வகைக்கு ஆங்கிலத்தில் ‘ஜான் டோ’. அது தொடக்கத்தில் நீதிமன்றப் புனைவு. நிலம் யாருக்குச் சொந்தம் என்று தீர்க்க, இல்லாத குத்தகைதாரர் ஜான் டோவை, இல்லாத ரிச்சர்ட் ரோ வெளியேற்றிவிட்டதாக எழுதி இங்கிலாந்தில் வழக்கு நடத்துவார்கள். 1852-இல் அந்த நடைமுறையை ஒழித்தார்கள். பெயர் மட்டும் அமெரிக்கப் பிணவறை வரை போய்ச் சேர்ந்தது. நம் ஊரில் ‘அடையாளம் தெரியாத ஆண் சடலம்’ என்று எழுதுவதோடு சரி. அதற்கென ஓர் ஆள்பெயரைத் தேடுவது வீண் வேலை.

இரண்டாவதற்கு அரபியில் ஃபுலான். அதுதான் ஸ்பானியத்தில் ஃபுலானோ, இந்தியில் ஃபலானா. நம்மிடம் ‘இன்னார்’ இருக்கிறார். ‘இன்னார் மகன் இன்னார்’ என்கிறோம். தமிழ் பைபிளிலும் மத்தேயு 26:18-இல் ‘இன்னானிடத்திற்கு’ என்றே வருகிறது. இன்னான், இன்னாள், இன்னார் என்று சொல்லிலேயே மரியாதையும் காட்டும் வசதி ஃபுலானோவுக்கு ஏது?

மூன்றாவதுதான் இடக்கு. ஜெர்மன் அடையாள அட்டையின் மாதிரியில் இருப்பவர் எரிக்கா முஸ்டர்மன். ‘முஸ்டர்’ என்றாலே மாதிரி. சீனத்தில் ஜாங் சான், லீ சி, அதாவது ஜாங் மூன்று, லீ நான்கு. இங்கே ஒரு நண்பர் ‘குப்பன், சுப்பன்’ என்றார். வேண்டாம். முன்பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், இதுவாவது பிழைக்கட்டும் என்று குப்பையில் கிடத்தி எடுத்து வைத்த பெயர் குப்பன். பின்னால் அதை ‘எவனோ ஒருவன்’ என்ற ஏளனமாக்கிவிட்டோம். படிவத்தில் அதைப் போடக் கை வராது.

ஒரு வங்கிக் கிளையில் பார்த்தேன். சுவரில் ஒட்டிய மாதிரிச் சலானில் பெயர் ‘எக்ஸ் ஒய் இசட்’. பெரியவர் ஒருவர் அதைப் பார்த்து எழுத்து எழுத்தாகத் தன் சலானிலும் இறக்கிக்கொண்டிருந்தார். ஆள்பெயர் போலத் தெரியாத ஒன்றை மாதிரியாக வைத்தால் இதுதான் நடக்கும்.

ஆள்பெயரே வேண்டுமென்றால் உரையாசிரியர்கள் எப்போதோ தந்துவிட்டார்கள். ‘சாத்தன் வந்தான், அவற்குச் சோறு கொடுக்க’ என்பது தொல்காப்பியச் சொல்லதிகார உரையில் வரும் எடுத்துக்காட்டு. எந்த இலக்கணத்தை விளக்கவும் வருகிறான், உண்கிறான், போகிறான். வடமொழி இலக்கணத்தில் தேவதத்தன் செய்யும் அதே வேலை.

ஆகவே என் பரிந்துரை: பொதுச்சொல்லாக ‘இன்னார்ப்பெயர்’. படிவம், மென்பொருள் திரை போன்ற இடங்களில் ‘மாதிரிப்பெயர்’. அந்தக் கட்டத்துக்குள் நிரப்பும் பெயர் ‘சாத்தன்’, பெண்ணானால் ‘சாத்தி’. முதல்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து நம்மைத் திண்டாட விடும் மென்பொருள்களில் ‘கொ. சாத்தன்’ என்று தலைப்பெழுத்தோடு காட்டினால், நம் பெயர் எப்படி இருக்கும் என்பதும் உருவாக்குபவருக்குப் புரியும்.

ஒரே பயம், தட்டச்சில் ஒரு துணைக்கால் கூடுதலாக விழுந்தால் சாத்தான் வந்து உட்கார்ந்துவிடுவான். அதற்காகவே அதே உரைகளில் வரும் கொற்றனையும் இருப்பில் வைத்திருக்கிறேன்.