மெர்லின் கதையைத் தமிழில் எழுதுகிறேன், கோட்டையில் மாட்டிக்கொண்டேன்

ராணிப்பேட்டை_கணக்கன்:
பகலில் தோல் ஷெட்டில் கணக்கு எழுதுகிறேன், ராத்திரி பத்துக்கு மேல் கதை. பிரிட்டனின் ஆர்தர் ராஜா கதையில் வரும் மந்திரவாதி மெர்லின், பையனாக இருந்தபோது நடப்பது. வார்டிகர்ன் என்ற அரசன் வேல்ஸ் மலையொன்றில் கோட்டை கட்டுகிறான். பகலில் எழுப்பியது ராத்திரியில் சரிகிறது. தகப்பன் இல்லாத பிள்ளையின் ரத்தத்தைத் தெளித்தால்தான் நிற்கும் என்கிறார்கள் மந்திரவாதிகள். பிடித்து வந்த பையனோ, "தோண்டிப் பாருங்க, அடியில குளம் இருக்குது" என்கிறான். குளத்தில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு டிராகன்கள்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "காவு கேக்குது" என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரை உருவப் போய்விட்டாள்.

சிக்கல் இதுதான். நான் பார்த்த கோட்டை வேலூர்க் கோட்டை ஒன்றுதான். கருங்கல், கொத்தளம், அகழி எல்லாம் அப்படியே எழுதிவிட்டேன். நண்பன் சிரிக்கிறான். பேசாமல் கதையையே ஆரணி பக்கத்துப் படவேட்டுக்குக் கொண்டுவந்துவிடலாமா?

காட்பாடி_வாத்தியார்:
நண்பர் சிரித்ததில் தப்பில்லை. பிரிட்டனில் ரோமானியர் ஆட்சி முடிந்தது 410 வாக்கில். கதை நடப்பது அதை ஒட்டிய காலம். மண்மேடு, மரவேலி, சாந்தில்லாமல் அடுக்கிய கல், அவ்வளவுதான் இருந்திருக்கும். வேலூர்க் கோட்டை 16ஆம் நூற்றாண்டு. நடுவில் ஆயிரம் வருஷம் போச்சே! இன்னொன்று, 9ஆம் நூற்றாண்டு லத்தீன் நூலில் அந்தப் பையன் பெயர் அம்புரோசியஸ். 1136 வாக்கில் மான்மவுத் ஜெஃப்ரி என்ற எழுத்தாளர்தான் அவனை மெர்லின் ஆக்கினார்.

ஆரணி_கூத்துப்பைத்தியம்:
இன்னா வாத்தியாரே, எங்கூர் கூத்துல துரியோதனன் புஜக்கட்டை கட்டிகினு ஆடுறான். பாரத காலத்துல அது இருந்துச்சான்னு எவனாவது கேட்டானா? மாலரி எழுதி 1485ல காக்ஸ்டன் அச்சடிச்ச ஆர்தர் கதையில வீரனுங்க போட்டுகினு வர்றது எழுதினவர் காலத்துக் கவசம்தான். லான்சலாட்னு பேர் போன வீரன் ஆர்தர் சபைக்கு வந்ததே 12ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கவிஞர் புண்ணியத்துல.

ஆனா படவேடு வேணாம் நைனா. அங்க செவப்பு பிரிட்டன்காரன், வெள்ளை அவன் நாட்டுக்குள்ள பூந்த சாக்சன்காரன். இங்க தூக்கினு வந்தா வெள்ளை யாரு? படிக்கிறவன் நேரா 1806 சிப்பாய்க் கலகத்துக்குப் போயிடுவான். நம்ம ராஜா கதைதான் வேணும்னா தேசிங்கு கீறாரு. அவரோட ராணி பேர்லதான் ராணிப்பேட்டைன்னு உங்க ஊர்லயே சொல்றாங்களே.

ராணிப்பேட்டை_கணக்கன்:
படவேட்டை விட்டுவிட்டேன். கூத்து நியாயம் எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது, ஆனால் மரவேலி சரிகிற சத்தம் அதைவிடப் பிடித்துவிட்டது. அகழியைத் தூர்த்தாயிற்று, அதோடு எழுதிவைத்த மூணு பக்கமும் போச்சு. அம்மாவின் வார்த்தை மட்டும் ஒரு கிழட்டுக் கொத்தன் வாயில் இருக்கும். டிராகனுக்கு என்ன எழுத?

காட்பாடி_வாத்தியார்:
அந்த லத்தீன் நூலில் இருப்பது 'புழு' என்று பொருள்படும் சொல். மடித்த துணிக்குள் இரண்டும் தூங்கிக் கிடக்கும்.

ஆரணி_கூத்துப்பைத்தியம்:
செவுத்தைத் தள்ற புழுவா! நாகம்னு போடுங்க.

ராணிப்பேட்டை_கணக்கன்:
நாகம் என்றால் அம்மா புற்றுக்குப் பால் ஊற்றக் கிளம்பிவிடுவாள். துணிக்குள் கிடக்கிறவரை புழு, சண்டை தொடங்கியதும் பாம்பு. இன்றைக்கு ராத்திரி அந்தத் துணியைப் பிரிக்கிற இடம்தான் எழுதப்போகிறேன்.