குடிமையியல் பாடத்துக்கு நம்ம ஊர் கொள்கை ஆய்வுகளை வகுப்புல பயன்படுத்துன அனுபவம் யாருக்காச்சும் இருக்கா?

டெல்டா டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில ஒன்பது, பத்துக்கு சமூக அறிவியல் எடுக்குறேன். குடிமையியல்னாலே பிள்ளைங்க முகம் வாடிப்போகுது. 73வது திருத்தம் 1992, ஊராட்சிகள் சட்டம் 1994, பெண்களுக்கு 50 சதவீதம்னு கடகடன்னு ஒப்பிக்கிறாங்க, ஆனா அவங்க அம்மா தினமும் டிக்கெட் காசு இல்லாம டவுன் பஸ்ல வேலைக்குப் போறதும் ஒரு அரசாங்க முடிவுதான், அதுவும் இந்தப் பாடத்துல சேர்ந்ததுதான்னு ஒருத்தருக்கும் தோணல.

மாநிலத் திட்டக் குழு, பெண்கள் டவுன் பஸ்ல இலவசமாப் போற விடியல் பயணம் திட்டத்தை ஆய்வு பண்ணி, ஒரு பெண்ணுக்கு மாசம் சராசரியா 888 ரூபா மிச்சமாகுதுன்னு சொல்லிருக்காங்க இல்ல, காலை உணவுத் திட்டத்துக்கும் ஆய்வு இருக்கு. இந்த மாதிரி ஆய்வை வச்சு யாராச்சும் பாடம் நடத்திருக்கீங்களா? இங்கிலீஷ் அறிக்கையை அப்படியே பிள்ளைங்க கையில கொடுக்க முடியாது. ஒரு கட்சி ஆட்சியில வந்த திட்டத்தைப் பேசுனா பிரச்சாரம் பண்றோம்னு புகார் வருமோன்னு எச்செம் (தலைமை ஆசிரியர்) வேற தயங்குறார்.

வைகைக்கரை

டீச்சர், முழு அறிக்கை எதுக்கு, அந்த 888ஐ மட்டும் போர்டுல எழுதி "இது உங்க வீட்டுக்குப் பொருந்துதா"ன்னு கேட்டுப் பாருங்க. நாங்க அப்படித்தான் ஆரம்பிச்சோம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்ல ஒரு பெண்கிட்ட கேட்டுட்டு வரணும், போன வாரம் எங்கெங்க பஸ்ல போனீங்க, டவுன் பஸ்ஸா மினி பஸ்ஸா, திட்டம் வந்த 2021 மே மாசத்துக்கு முன்னாடி இதே இடத்துக்கு எப்படிப் போனீங்க, எவ்வளவு ஆச்சு. அவ்வளவுதான் கேள்வி.

கடைசிக் கேள்வியிலதான் விஷயமே இருக்கு. ஒரு பையனோட அப்பத்தா முன்னெல்லாம் கீரைக்கட்டைத் தலையில வச்சுக்கிட்டு சந்தைக்கு நடந்தே போவாங்களாம், இப்ப கூடையோட பஸ் ஏறிடுறாங்க. இவங்களுக்கு மிச்சம்னு என்ன எழுதுறது? முன்னாடி செலவே பண்ணலையே, அப்ப பூஜ்யமான்னு ஒரு பாதி, நடந்த நேரத்துக்கும் கழுத்து வலிக்கும் கணக்கு இல்லையான்னு இன்னொரு பாதி, வகுப்பே ரெண்டாப் பிரிஞ்சு வாக்குவாதம். ஒரு திட்டத்தோட பயனை எதை வச்சு அளக்குறதுன்னு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்க பெல் அடிச்சும் எந்திரிக்காம பேசுனாங்க, நான் குறுக்க பேசவே இல்ல.

அடுத்து மினி பஸ். சலுகை அரசு சாதாரணக் கட்டண பஸ்ஸுக்குத்தான், தனியார் மினி பஸ்ஸுக்குக் கிடையாது. மினி பஸ் மட்டும் வர்ற கிராமத்துப் பிள்ளைங்க தாள்ல வரிசையா பூஜ்யம், மெயின் ரோட்டு ஊர்ப் பிள்ளைங்க தாள்ல பெரிய பெரிய தொகை. சராசரிங்கறது எதை வெளிய காட்டும், எதை மறைக்கும்னு நான் தனியா நடத்த வேண்டியதே இல்லாமப் போச்சு. பஸ் ஸ்டாப்புல நின்னு கேட்டா ஒரு சராசரி வரும், வீடு வீடாப் போய்க் கேட்டா வேற வரும், ஏன்னா வீட்டை விட்டு வெளியவே போகாத அம்மாவை பஸ் ஸ்டாப்புல பாக்க முடியாது. இதையும் சேர்த்துப் பேசுங்க.

பிரச்சாரம்னு பேச்சு வராம இருக்கணும்னா செலவையும் அதே போர்டுல எழுதிடுங்க. 2021ல போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடா 1,200 கோடி ஒதுக்குனாங்க, 2023-24 பட்ஜெட்ல அது 2,800 கோடி. இந்தக் காசு எங்கிருந்து வருது, வேற எதுக்குச் செலவு பண்ணிருக்கலாம்னு பிள்ளைங்களே கேக்கட்டும். பாராட்டவும் வேணாம் திட்டவும் வேணாம்.

களப்பணி

நான் ஆசிரியர் இல்ல, வீடு வீடாப் போய் சர்வே எடுக்குற வேலையில இருக்கேன், அதனால ஒரு விஷயம் அழுத்திச் சொல்லணும். பிள்ளைங்க வீட்டு விவரத்தை வகுப்புல பொதுவுல படிக்க விடாதீங்க. சாதி, வருமானம், கடன், குடி, இதெல்லாம் கேள்வித்தாள் பக்கமே வரக்கூடாது. தாள்ல பேர் வேணாம், எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து கூட்டுன கணக்கு மட்டும் போர்டுக்கு வரட்டும். "உங்க அம்மா ஏன் வேலைக்குப் போறதில்ல"ன்னு பக்கத்து பெஞ்ச் பையன் கேட்டுட்டான்னா அந்தப் பொண்ணு அடுத்த வாரம் தாளே கொண்டு வராது. சொல்ல விருப்பமில்லன்னு ஒரு கட்டம் கண்டிப்பா வைங்க.

காலை உணவு ஆய்வும் நல்ல பாடம்தான். 1,543 பள்ளியில 1,319ல வருகை கூடிருக்குன்னு திட்டக் குழு சொல்லுச்சு. எல்லாரும் 1,319ஐத்தான் பேசுறாங்க, நான் டீச்சரா இருந்தா மீதி 224 பள்ளியில ஏன் கூடல, ஏற்கனவே எல்லாரும் வந்துட்டு இருந்தாங்களா, இல்ல வேற காரணமான்னு கேப்பேன்.

பொருநைக்காரன்

இதெல்லாம் புதுசுன்னு நினைக்காதீங்க, நம்ம மண்ணுல நூறு வருஷத்துக்கு முன்னாடியே நடந்திருக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்துல முதல் பொருளாதாரப் பேராசிரியரா வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916ல தன் மாணவர்கள்கிட்ட கேள்விப் பட்டியலைக் கொடுத்து கிராமங்களுக்கு அனுப்புனார். நிலம் யார்கிட்ட இருக்கு, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவுன்னு எழுதிட்டு வந்தாங்க, 1918ல புத்தகமாவே வந்துச்சு. எங்க திருநெல்வேலி பக்கத்து கங்கைகொண்டான், விழுப்புரம் பக்கம் இருவேல்பட்டு, செய்யாறு பக்கம் தூசி, விருதுநகர் பக்கம் வடமலாபுரம், தஞ்சாவூர் சீமையில பாலக்குறிச்சி, எல்லாம் அதுல இருக்கு.

இதுல பெரிய விஷயம் என்னன்னா அதோட விடல. 1930கள்ல அதே ஊர்களுக்குத் திரும்பப் போனாங்க, 1980கள்ல அடையாறு எம்ஐடிஎஸ் (சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம்) காரங்க போனாங்க, 2008ல ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ்னு மூணு ஆய்வாளர்களும் இருவேல்பட்டுக்குப் போனாங்க. நிலக்காரர் பிடியில ஊரே இருந்த நிலைமை போய், நிலக்காரர்கிட்டயே கட்டுப்பட்டு வேலை செய்யுற படியாள் முறை போய், ஜனங்க வேலைக்கு வெளியூர் போற வரைக்கும் ஒரே ஊரோட கதை தொடர்ச்சியாக் கிடைக்குது. அந்த ஜெயரஞ்சன்தான் 2021ல திட்டக் குழு துணைத் தலைவர் ஆனார், டீச்சர் சொல்ற 888 அவர் காலத்துக் கணக்குதான்.

அதனால இந்த வருஷத் தாள்களைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அடுத்த பேட்ச் பிள்ளைங்க அதே தெருவுல அதே கேள்வியைக் கேக்கட்டும்.

டெல்டா டீச்சர்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஸ்லேட்டர் விஷயம் எனக்குப் புதுசு, எச்செம்கிட்ட காட்டப்போறேன். பெயர் எழுதாத தாள்னா அவரும் ஒத்துக்குவார். ஒரே ஒரு சந்தேகம், பிள்ளைங்க கணக்கெடுத்து முடிச்ச பிறகு அதை எங்க கொண்டு போறது? நோட்டுல ஒட்டி மார்க் போட்டு முடிக்க மனசு வரல.

வைகைக்கரை

கிராம சபைக்குத்தான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இதுல உங்க பாடத்துக்கு எது தோதோ அந்தத் தேதியைப் பாத்துக்கோங்க. 18 வயசு ஆகாததால பிள்ளைங்க உறுப்பினர் இல்ல, ஆனா ஓரமா உக்காந்து கவனிக்கலாம், பெத்தவங்க எந்திரிச்சுப் பேசலாம். மினி பஸ் மட்டும் வர்ற கிராமம் உங்க பக்கமும் இருந்தா, எந்த நேரத்துல எத்தனை பேர் டவுன் பஸ் இல்லாம நிக்கிறாங்கன்னு பிள்ளைங்க போட்ட அட்டவணையை இணைச்சு, காலையில ஒரு நடை டவுன் பஸ் கேட்டுத் தீர்மானம் போடச் சொல்லுங்க. அதோட நகல் ஒண்ணு போக்குவரத்துக் கழக கிளை மேலாளருக்கும் போகட்டும்.