ஏலக்காய் ஸ்டோரிலிருந்து கேமரா படம் வைஃபையில கம்ப்யூட்டருக்குப் போக மாட்டேங்குது

வண்டன்மேடு_ஸ்டோர்:

வணக்கம். எங்க ஏலக்காய் உலர்த்துற ஸ்டோர்ல, ஏலத்துக்குப் போற ஒவ்வொரு லாட்டுக்கும் சாம்பிள் தட்டுல மூணு படம் எடுக்கிறோம். மேலேர்ந்து மொத்தமா ஒண்ணு, 8 மில்லி சல்லடையில நின்ன காய் ஒண்ணு, உடைச்ச காயில விதை தெரியிற மாதிரி ஒண்ணு. ஒரு நாளைக்கு 40 லாட் வந்தா 120 படம்.

கேமரா 2015 மாடல் காம்பாக்ட், 18 மெகாபிக்சல். ஒரு ஜேபெக் 6, 7 எம்பி வருது. ஸ்டாண்டுல கீழே பார்க்கிற மாதிரி இறுக்கியிருக்கோம். மெமரி கார்டு இருக்கிற மூடி அடிப்பக்கம், பேட்டரிக்குப் பக்கத்துல இருக்கு. ஸ்டாண்டு திருகு அதை மறைச்சுக்கிட்டு நிக்குது. கார்டை எடுக்கணும்னா ஒவ்வொரு தடவையும் கழற்றி, திரும்ப உயரமும் ஃபோகஸும் சரிபண்ணணும். அதனாலதான் வைஃபையை விட மனசில்லை.

பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டருக்கு ஒழுங்காப் போச்சு. இப்ப கம்ப்யூட்டரும் ரவுட்டரும் ரெண்டும் புதுசு. கம்ப்யூட்டர் விண்டோஸ் 11 ப்ரோ. கேமரா ரவுட்டர்ல சேருது. மெனுவுல 'பிசி'ன்னு கொடுத்தா அரை நிமிசம் தேடிட்டு 'கிடைக்கவில்லை'ங்குது. கம்ப்யூட்டர் பேரைக் கையால அடிச்சா யூசர்நேம், பாஸ்வேர்டு கேக்குது. கொடுத்தா 'இணைக்க முடியவில்லை'. போனுக்கு மட்டும் படம் நல்லாப் போகுது. கேமராவுல நெட்வொர்க் செட்டிங்கை ரீசெட் பண்ணியாச்சு, ஃபயர்வாலை நிறுத்தியும் பார்த்தாச்சு. எங்க தப்பு?

கம்பம்_நெட்வொர்க்:

போனுக்குப் போகுதுன்னா கேமராவோட வைஃபை சிப் நல்லா இருக்குன்னு அர்த்தம். அதுல சந்தேகம் வேண்டாம். ஆனா போனுக்குப் போறப்போ கேமராவே ஒரு சின்ன ரவுட்டர் மாதிரி நிக்குது, போன் அதுல வந்து சேருது. கம்ப்யூட்டருக்குப் போறப்போ உங்க ரவுட்டர் வழியா. ரெண்டும் வேற பாதை. அதனால முதல்ல ரவுட்டர் பக்கத்தை முடிச்சிடுவோம்.

அந்தக் காலத்துக் காம்பாக்ட் கேமராக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பேசும். புது ரவுட்டர்கள் 2.4, 5 ரெண்டுக்கும் ஒரே பேரைக் கொடுத்து, கருவியை இங்கிட்டும் அங்கிட்டும் தள்ளிவிடும். அந்த 'ஸ்மார்ட் கனெக்ட்'டை நிறுத்திட்டு 2.4க்குத் தனிப் பேர் கொடுங்க. பாதுகாப்பு டபிள்யூபிஏ3 இருந்தா டபிள்யூபிஏ2-பிஎஸ்கே, ஏஇஎஸ்னு மாத்துங்க. சேனலை 'ஆட்டோ'வுல விடாம 1, 6, 11ல ஒண்ணு வைங்க.

அடுத்தது முக்கியம்: 'கெஸ்ட்' நெட்வொர்க்குல கேமராவைச் சேர்த்திருக்கீங்களா? அல்லது 'ஏபி ஐசொலேஷன்' ஆன்ல இருக்கா? ரெண்டுல எது இருந்தாலும் கேமராவுக்கு இன்டர்நெட் கிடைக்கும், பக்கத்து கம்ப்யூட்டர் கண்ணுக்கே தெரியாது. நீங்க சொல்ற 'கிடைக்கவில்லை' அப்படியும் வரும்.

விண்டோஸ்ல அந்த நெட்வொர்க்கோட ப்ரொஃபைலைப் பாருங்க. 'பப்ளிக்'னு இருந்தா 'பிரைவேட்' ஆக்குங்க. பப்ளிக்ல இருக்கிறவரை நெட்வொர்க் டிஸ்கவரியும் ஃபைல் ஷேரிங்கும் மூடியே இருக்கும்.

இதெல்லாம் சரின்னா ரவுட்டர் பக்கத்துல இணைஞ்ச கருவிகள் பட்டியல்ல கேமராவும் கம்ப்யூட்டரும் ஒரே வரிசை ஐபியில இருக்கான்னு பாருங்க. 192.168.1.ன்னு ரெண்டும் தொடங்கணும். ஒண்ணு 192.168.0., இன்னொண்ணு 192.168.1.ன்னு இருந்தா இடையில ரெண்டாவது ரவுட்டர் புகுந்திருக்கு. ஸ்டோருக்கு எக்ஸ்டெண்டர் வச்சிருந்தா அதை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாத்தணும்.

போடி_சிஸ்டம்ஸ்:

கம்பம் அண்ணன் சொன்ன ரவுட்டர் வேலை எல்லாம் செய்யணும்தான். ஆனா கேள்வியில ஒரு வரி போதும், நோய் என்னன்னு தெரியுது: கேமரா யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேக்குது.

கம்ப்யூட்டருக்குப் படம் அனுப்புறதுல காம்பாக்ட்டுகள் மூணு வகை. ஒண்ணு, கம்ப்யூட்டர்ல கேமரா கம்பெனி மென்பொருள் ஓடணும். சோனியில ப்ளேமெமரீஸ் ஹோம் அப்படி. முதல் தடவை யூஎஸ்பி கேபிள் போட்டுப் பதிவு பண்ணாம வைஃபையில நகராது. ரெண்டு, பிடிபி-ஐபி (நெட்வொர்க் வழியாப் படம் மாத்துற) முறை. பழைய கேனான்கள் இப்படி. விண்டோஸ் நெட்வொர்க் பக்கத்துல கேமரா ஐகானா வரும், ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்டால் கொடுக்கணும். டிசிபி 15740, யூடிபி 1900 ரெண்டு போர்ட்டும் திறந்திருக்கணும். மூணாவதுதான் உங்களுது: கம்ப்யூட்டர்ல ஷேர் பண்ணின ஃபோல்டருக்குள்ள கேமரா நேரடியாக் கோப்பை எழுதும். பானாசோனிக் லூமிக்ஸ்கள் இந்த முறை. பாஸ்வேர்டு கேக்கிறது இது மட்டும்தான்.

இந்த மூணாவது வகை அந்தக் காலத்து எஸ்எம்பி1 மொழியில (நெட்வொர்க்ல கோப்பைப் பகிர்ற பழைய முறை) பேசுது. 2017 மே மாசம் வான்னாக்ரைங்கிற கம்ப்யூட்டர் கிருமி பரவினது இந்த எஸ்எம்பி1 ஓட்டை வழியாத்தான். அந்த வருசக் கடைசியில வந்த விண்டோஸ் 10, 1709 பதிப்பிலிருந்து புதுசா நிறுவுற எந்த விண்டோஸ்லயும் அதோட சர்வர் பகுதி தானா இருக்காது. விண்டோஸ் 7ல தானா இருந்துச்சு, அதான் ஓடுச்சு. ஃபயர்வாலை நிறுத்தினதுல பலன் இல்லாததுக்கும் காரணம் இதுதான். கதவு திறந்திருக்கு, உள்ள அந்த மொழி தெரிஞ்ச ஆள் இல்லை.

சோதிக்க: கண்ட்ரோல் பேனல், ப்ரோகிராம்ஸ், 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்'. அதுல 'எஸ்எம்பி 1.0/சிஐஎஃப்எஸ் ஃபைல் ஷேரிங் சப்போர்ட்'டை விரிச்சா மூணு கட்டம் வரும்: ஆட்டோமேட்டிக் ரிமூவல், கிளையன்ட், சர்வர். இங்கதான் நிறையப் பேர் தவறு பண்றாங்க. கிளையன்ட்டை டிக் பண்ணிட்டு 'ஓடலை'ன்னு சொல்லுவாங்க. கேமரா வந்து கேக்கிற ஆள். கொடுக்கிற இடம் உங்க கம்ப்யூட்டர். அதனால டிக் போட வேண்டியது சர்வர். ஆட்டோமேட்டிக் ரிமூவலை எடுத்துடுங்க, இல்லைன்னா விண்டோஸ் அதைத் தானாக் கழட்டிப் போட்டுரும். அப்புறம் ரீஸ்டார்ட்.

பேரும் ஒரு சிக்கல். கம்ப்யூட்டர் பேர்ல இடைவெளி இருந்தாலோ நீளமா இருந்தாலோ இந்தக் கேமராக்களுக்குப் பிடிபடாது. 15 எழுத்துக்குள்ள, ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும். 'ஏலம்1'னு ஆங்கிலத்துல வச்சா போதும். ஐபிவி4 செட்டிங்ல அட்வான்ஸ்டு, 'வின்ஸ்' தாவல்ல 'நெட்பயாஸ் ஓவர் டிசிபி/ஐபி'யை எனேபிள் பண்ணுங்க. கேமரா பேரைத் தேடுறது அந்த வழியில.

பாஸ்வேர்டுன்னு என்ன கொடுத்தீங்க? கம்ப்யூட்டரைத் திறக்கிற 4 இலக்கப் பின்னா? பின் நம்பர் அந்தக் கம்ப்யூட்டரைத் திறக்க மட்டும்தான்; நெட்வொர்க்ல செல்லாது. செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாத ஒரு லோக்கல் யூசர் உண்டாக்குங்க. ஆங்கிலத்துல 'கேம்'னு சின்ன எழுத்துல மூணெழுத்துப் பேர், சாதாரண எழுத்தும் எண்ணும் கலந்த பாஸ்வேர்டு. கேமரா பட்டன்ல ஒவ்வொரு எழுத்தா நகர்த்தி அடிக்கணும், பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினா அதோட போச்சு.

குமுளி_லேன்:

போடி சொன்னது நோயைச் சரியாப் பிடிச்சது. மருந்துல எனக்கு உடன்பாடில்லை. ஏலக் கணக்கு, ஜிஎஸ்டி, பேங்க் எல்லாம் ஓடுற கம்ப்யூட்டர்ல எஸ்எம்பி1 சர்வரை நிரந்தரமாத் திறந்து வைக்காதீங்க. அந்த நெட்வொர்க்ல யாரோ ஒருத்தரோட லேப்டாப்புல கிருமி இருந்தாலும் நேரா உங்க கணக்குக் கோப்புல வந்து உட்காரும்.

இன்னொண்ணு: ரன் பெட்டியில 'வின்வெர்'னு ஆங்கிலத்துல அடிச்சுப் பாருங்க. 24எச்2ன்னு (விண்டோஸ் 11ஓட பதிப்பு எண்) வந்தா, ப்ரோ பதிப்புல எஸ்எம்பி சைனிங் (அனுப்புற தகவலுக்கு டிஜிட்டல் கையெழுத்து) இயல்பாவே கட்டாயம். பழைய கேமரா அதுலயும் தடுக்கி விழலாம். ஒவ்வொண்ணாத் தளர்த்திக்கிட்டே போனா கடைசியில கம்ப்யூட்டருக்குப் பூட்டே மிஞ்சாது.

இடையில ராஸ்பெர்ரி பைங்கிற கையளவு கம்ப்யூட்டர் ஒண்ணு வைங்க. பழைய பை 3யே தாராளம். 64 ஜிபி கார்டு, ரவுட்டருக்கு ஒரு லேன் கேபிள், அவ்வளவுதான். அதுல சாம்பாங்கிற ஃபைல் ஷேரிங் மென்பொருள் போட்டா கேமராகிட்ட பழைய மொழியிலயும் விண்டோஸ் 11கிட்ட புது மொழியிலயும் பேசும். ஒரே ஃபோல்டர். கேமரா எழுதும், கம்ப்யூட்டர் படிக்கும். கம்ப்யூட்டர்ல ஒரு பூட்டையும் அவிழ்க்க வேண்டாம்.

சாம்பாவும் 4.11லிருந்து, அதாவது 2019லிருந்து, எஸ்எம்பி1ஐ இயல்பா மூடித்தான் வருது. அதனால எஸ்எம்பி.கான்ஃப்ங்கிற செட்டிங் கோப்புல குளோபல் பகுதியில இதை எழுதணும், எல்லாம் ஆங்கில எழுத்துல: 'சர்வர் மின் ப்ரோட்டோகால் = என்டி1'. 'நெட்பயாஸ் நேம்' வரியில 'ஏலம்1'ங்கிற அந்தச் சின்னப் பேர். கீழே படத்துக்கு ஒரு ஷேர், 'ரீட் ஒன்லி = நோ'. பிறகு 'எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி' கட்டளையில '-ஏ' சேர்த்து அதே 'கேம்' யூசருக்குத் தனியா ஒரு பாஸ்வேர்டு. லினக்ஸ் பாஸ்வேர்டு வேற, சாம்பா பாஸ்வேர்டு வேற. இதுதான் மறந்துபோற இடம். எழுதி முடிச்சதும் 'டெஸ்ட்பார்ம்' ஓட்டினா எழுத்துப் பிழை இருந்தா காட்டிக்கொடுக்கும். எஸ்எம்பிடி, என்எம்பிடிங்கிற சாம்பாவோட ரெண்டு சேவையையும் ரீஸ்டார்ட் பண்ணுங்க. என்எம்பிடி ஓடலைன்னா கேமரா பேரைத் தேடிக்கிட்டே நிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் பாஸ்வேர்டை மறுத்தா மட்டும் 'என்டிஎல்எம் ஆத் = என்டிஎல்எம்வி1-பெர்மிட்டட்' (பழைய பாஸ்வேர்டு சரிபார்ப்பை அனுமதிக்கிற வரி) சேருங்க. முதல்லயே போடாதீங்க. ரவுட்டர்ல பைக்கு ஐபியை நிரந்தரமா ஒதுக்கிடுங்க. கரண்டு போய் வந்தா விலாசம் மாறாது.

போடி_சிஸ்டம்ஸ்:

ஏத்துக்கிறேன். கணக்குக் கம்ப்யூட்டர்னு தெரிஞ்சிருந்தா நானும் பைதான் சொல்லியிருப்பேன். நான் சொன்ன சர்வர் டிக்கை ஒரு பழைய லேப்டாப்புல சோதனைக்கு மட்டும் வச்சுக்கங்க.

வண்டன்மேடு_ஸ்டோர்:

அண்ணன்மார் எல்லாருக்கும் நன்றி. ரவுட்டர்ல 2.4க்குத் தனிப்பேர் வச்சாச்சு, டபிள்யூபிஏ2 ஆக்கியாச்சு. வின்வெர்ல 24எச்2ன்னுதான் வந்துச்சு. பாஸ்வேர்டுக்குப் பதிலா பின் நம்பரைத்தான் கொடுத்துக்கிட்டு இருந்தோம். பை ஒண்ணு ஏற்பாடு பண்ணி சாம்பா போட்டாச்சு. இப்ப கேமரா 'ஏலம்1'ஐக் கண்டுபிடிக்குது, பாஸ்வேர்டை ஏத்துக்குது, ஃபோல்டர் பேரும் காட்டுது. அனுப்புன்னு கொடுத்தா 'அனுப்ப முடியவில்லை'ன்னு உடனே வந்துடுது. என்டிஎல்எம் வரி சேர்க்கலை.

இன்னொண்ணு, ஆபீஸ் மேசையில வச்சா சிக்னல் மூணு கட்டம். ஸ்டோருக்குள்ள கொண்டுபோனா ஒண்ணு, சில நேரம் அதுவும் இல்லை.

குமுளி_லேன்:

பாஸ்வேர்டை ஏத்துக்கிட்டதால என்டிஎல்எம் வரி தேவையே இல்லை. ஃபோல்டர் காட்டிட்டு எழுத முடியலைன்னா உரிமைச் சிக்கல். 'சூடோ' போட்டு ஃபோல்டரை உண்டாக்கியிருப்பீங்க, அதனால அது ரூட்டுக்கு, அதாவது நிர்வாகிக்கு, சொந்தமா இருக்கு. 'சிஎச்ஓன்' கட்டளையில '-ஆர்' போட்டு அந்த ஃபோல்டரை கேம் யூசருக்கு மாத்துங்க. விண்டோஸ் ஷேரா இருந்தாலும் இதே கதைதான்: ஷேரிங் தாவல்ல ஒரு தடவை, செக்யூரிட்டி தாவல்ல ஒரு தடவை, ரெண்டு இடத்துலயும் எழுதுற உரிமை கொடுக்கணும். ஒண்ணுல மட்டும் கொடுத்தா இப்படித்தான் நிக்கும்.

கம்பம்_நெட்வொர்க்:

சிக்னலுக்கு: ஸ்டோர்ல அடுப்புச் சூட்டைக் கொண்டுபோற தகரக் குழாய், தகரக் கதவு, கம்பிவலைத் தட்டு. உலோகம் எல்லாம் சேர்ந்து வைஃபையைத் தடுக்குது. எக்ஸ்டெண்டர் வாங்குறதுக்கு முன்னாடி சாம்பிள் மேசையை அந்த அறையிலிருந்து வெளியே, ஆபீஸ் பார்த்த சுவர்ப் பக்கம் நகர்த்த முடியுமான்னு பாருங்க. படத்துக்கும் அதுதான் நல்லது. சூடான அறையிலயும் வெளியே மழைக் குளிர்லயும் மாறி மாறிக் கேமரா போனா லென்ஸ்ல நீர் பூத்துடும்.

முடியலைன்னா ஆபீஸிலிருந்து ஸ்டோர் வாசல் வரைக்கும் லேன் கேபிள் இழுத்து, அங்க ஒரு ஆக்சஸ் பாயின்ட். கேட்6 கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். வெளியே ஓடுற பகுதிக்குப் பிவிசி பைப் போடுங்க. காப்பர் கேபிள் ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல தொங்கினா இடி நேரத்துல ரவுட்டர் போர்ட் போயிரும். முடிஞ்சா அந்த நீளத்துக்கு ஃபைபர் இழுக்கிறது நல்லது.

நேரத்துக்கும் ஒரு கணக்கு: இந்தக் கேமராக்கள் நிஜத்துல நொடிக்கு 1 எம்பி அனுப்பினாலே நல்ல நாள்னு வச்சுக்கங்க. 120 படம், 7 எம்பி வீதம் 840 எம்பி, ஆக 14 நிமிசம். வைஃபை பேட்டரியைத் தின்னும். பாதியில கேமரா தானா அணைஞ்சா அனுப்புறது அங்கேயே நிக்கும். ஆட்டோ பவர் ஆஃபை நிறுத்திட்டு முழுச் சார்ஜோட தொடங்குங்க. லாட் படத்துக்கு 18 மெகாபிக்சல் வேண்டியதில்லை. அளவை 5 மெகாபிக்சலுக்குக் குறைச்சா நேரம் மூணுல ஒரு பங்கு ஆகிடும், சல்லடைக் காயோட விளிம்பும் தெளிவாவே தெரியும்.

போடி_சிஸ்டம்ஸ்:

அளவைக் குறைக்கிறப்போ ஒயிட் பேலன்ஸையும் ஆட்டோவுல விடாதீங்க. தட்டு முழுக்கப் பச்சையா இருந்தா கேமரா அதைச் சரிபண்றேன்னு பச்சையை மங்கவச்சிடும். சாம்பிள் விளக்குக்குக் கீழே வெள்ளைத் தாளைக் காட்டி ஒருதடவை செட் பண்ணிட்டா எல்லா லாட்டும் ஒரே நிறத்துல வரும். வாங்குறவங்க பார்க்கிறது நிறத்தைத்தானே.

வண்டன்மேடு_ஸ்டோர்:

உரிமை மாத்தினதும் முதல் படம் போயிருச்சு. 5 மெகாபிக்சல்ல ஒரு படம் 2 எம்பிக்குக் கொஞ்சம் மேல, மூணு நொடியில ஃபோல்டர்ல வந்து நிக்குது. மேசையை ஜன்னல் பக்கம் மாத்தியாச்சு, சிக்னல் ரெண்டு கட்டத்துக்குக் குறையலை. ஃபைபர் வேலைக்கு ஆள் வரச் சொல்லியிருக்கோம்.