மாமியார் தம் வலியை ‘ஒப்புக்கொடுக்கிறேன்’ என்கிறார்: இதை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி: நெல்லை வாசகர்

நான் புராட்டஸ்டண்ட் சபையான தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவன்; என் மனைவி கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். எங்களோடு வசிக்கும் மாமியாரை முடக்குவாதம் பல ஆண்டுகளாக வருத்திவருகிறது. வலி கூடும் நேரங்களில் அவர், உத்தரிக்கிற ஸ்தலத்து (இறந்தோர் மோட்சம் சேருமுன் தூய்மையடையும் நிலை என்று கத்தோலிக்கர் நம்புவது) ஆன்மாக்களுக்காக இதை ஒப்புக்கொடுக்கிறேன் என்று சொல்லிச் செபமாலையைக் கையில் எடுத்துக்கொள்வார். தவக்காலம் தொடங்கியதிலிருந்து, வெள்ளிக்கிழமை இரவுகளில் வலி மாத்திரையையும் போடாமல் விட்டுவிடுகிறார். கேட்டால், சிலுவையில் அறையப்படுமுன் வலி தெரியாதிருக்கக் கொடுத்த வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை ஆண்டவரே வாங்கவில்லையே என்கிறார். கிறிஸ்து ஒரேதரம் செலுத்திய பலி முழுமையானது என்று எபிரெயர் நிருபத்திலிருந்து கற்றவன் நான். அப்படியிருக்க, ஒரு மூதாட்டியின் மூட்டுவலி அதோடு எதைச் சேர்க்க முடியும்? அவருடைய விசுவாசத்தைக் குறைசொல்வது என் நோக்கமன்று, புரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

பதில் 1: மறைக்கல்வி ஆசிரியர்

உங்கள் மாமியார் செய்வதற்கு வேர், தூய பவுல் கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தின் முதல் அதிகாரம், 24ஆம் வசனம். கிறிஸ்துவின் துன்பங்களில் குறைவாயிருப்பதை, அவருடைய உடலாகிய திருச்சபைக்காகத் தம் உடலில் நிறைவுசெய்வதாகப் பவுல் அங்கே சொல்கிறார். இதை மீட்பில் ஏதோ பற்றாக்குறை இருந்தது என்று கத்தோலிக்கத் திருச்சபை ஒருபோதும் விளக்கியதில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், துப்பாக்கிச் சூட்டுக்கு ஆளாகி உயிர்பிழைத்து மூன்று ஆண்டுகள் ஆகாத நிலையில், 1984 பிப்ரவரி 11 அன்று துன்பத்தின் பொருளைப் பற்றி ஒரு திருத்தூது மடல் வெளியிட்டார். கிறிஸ்து மீட்பை முழுமையாகவே நிறைவேற்றினார், ஆயினும் மனிதர் அன்போடு ஏற்கும் துன்பத்துக்கு அதில் இடமில்லாதபடி அதை மூடிவைக்கவில்லை என்பதே அம்மடலின் மையக் கருத்து. ஆகவே உங்கள் மாமியார் எதையும் கூட்டவில்லை. ஏற்கெனவே நிறைவாயிருக்கும் ஒன்றில் பங்குபெறுகிறார். வலியால் வீட்டுக்குள் அடைபட்டவருக்கு, தாம் இன்னும் பிறருக்காக ஏதோ செய்ய முடிகிறது என்பது சிறிய காரியமன்று.

அதே மடல் நல்ல சமாரியர் உவமையோடுதான் தன் வாதத்தை நிறைவுக்குக் கொண்டுவருகிறது. தன் துன்பத்தால் பிறருக்கு நன்மை செய்யவும், துன்புறுகிறவருக்கு நன்மை செய்யவும் கிறிஸ்து ஒருசேரக் கற்றுக்கொடுத்தார் என்கிறது. முதல் பாதியை மட்டும் பிரசங்கித்து இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறவர்கள் எங்கள் பங்கு ஆலயங்களிலும் உண்டு.

பதில் 2: ஓய்வுபெற்ற போதகர்

மேலே எழுதியவரின் விளக்கம் தெளிவானது. ஆனாலும் அந்த வசனத்தை நாங்கள் வேறுவிதமாகவே வாசிக்கிறோம். பவுல் அங்கே சொல்வது சுவிசேஷத்தை அறிவித்ததனால் தமக்கு நேர்ந்த உபத்திரவங்களையே. நோயின் வலியைப் பாவப் பரிகாரத்தோடு இணைக்க அதில் இடமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிய வேறுபாடு பழையது, அதை இங்கே தீர்க்கப் போவதில்லை.

ஆனால் நம் சபைகளில் இதைவிடக் கொடுமையான ஒரு பழக்கம் இருப்பதையும் சொல்ல வேண்டும்: படுக்கையில் இருப்பவரிடம் வந்து, இது இன்ன பாவத்தின் தண்டனை என்றோ, விசுவாசம் போதாததால்தான் சுகம் வரவில்லை என்றோ சொல்வது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறவாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் கர்த்தருடைய கோபத்துக்கு ஆளானார்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்று இயேசுவே சொன்னார். பவுல், தம் உடலில் தைத்த ‘முள்’ என்று அவர் குறிப்பிடும் துன்பம் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டியும் அது நீங்கவில்லை. அவருடைய விசுவாசத்தில் யார் குறை காண்பது?

உங்கள் ஊருக்கு அருகிலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. டோனாவூரில் பிள்ளைகளுக்காக இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் விழுந்து காலொடிந்தபின், 1951இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே முடங்கியிருந்தார். ஆரோக்கியமுள்ளவர்கள் நோயாளிகளுக்கென்று எழுதியவை தமக்கு ஆறுதல் தரவில்லை என்று கண்டு, நோயாளி நோயாளிக்கு எழுதும் கடிதங்களாகவே ஒரு நூலை எழுதினார். வலிக்குப் பொருள் சொல்லும் உரிமை முதலில் அதைச் சுமப்பவருக்கே உரியது என்று நான் கருதுவதற்கு அந்த வாழ்க்கையும் ஒரு காரணம். ஆகையால், உங்கள் மாமியாரின் இறையியலோடு எனக்கு உடன்பாடில்லாவிட்டாலும், அவர் வாயிலிருந்து அதைப் பறிக்க நான் துணியமாட்டேன்.

பதில் 3: வலிநிவாரணப் பிரிவுச் செவிலியர்

நானும் கத்தோலிக்கப் பெண்தான். ஆனால் என் கவலையெல்லாம் அந்த மாத்திரையைப் பற்றியது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இல் மயக்கவியல் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில், வலிநிவாரணியை மறுத்து வலியை ஏற்க வேண்டும் என்ற கடமை கிறிஸ்தவருக்குப் பொதுவாக இல்லை என்று தெளிவுபடுத்தினார். கடும் வலி ஒருவரின் பலத்தைக் குன்றச்செய்து, உயர்ந்த நன்மைகளுக்கே தடையாகலாம் என்பதையும் சுட்டிக்காட்டினார். ஒருவர் தாமாகவே வலிநிவாரணியைத் தவிர்ப்பதைத் திருச்சபை தடுப்பதில்லை, போற்றக்கூடச் செய்கிறது, ஆனால் யார்மீதும் அதைக் கடமையாகச் சுமத்துவதில்லை.

திராட்சரசத்தைப் பற்றி: உங்கள் மாமியார் மாற்கு நற்செய்தியைச் சொல்கிறார். யோவான் நற்செய்தியில் அதே ஆண்டவர், தாகமாய் இருக்கிறது என்று கேட்டு, கொடுத்த புளித்த இரசத்தை ஏற்றுக்கொண்டார். பிடிபடுவதற்கு முன் கெத்சமனித் தோட்டத்தில், துன்பமாகிய அந்தக் கிண்ணம் தம்மைவிட்டு அகலவேண்டும் என்றும் மன்றாடினார். வலி வேண்டாம் என்று கேட்பதும் அவர் காட்டிய வழிதான் என்று சொல்லிப் பாருங்கள். மற்றொன்று: அவர் விடுகின்ற மாத்திரை வலிக்கு மட்டுமா, நோயையே கட்டுப்படுத்துவதா என்று உடனே பார்த்துவிடுங்கள். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மருந்துகளில் சிலவற்றை முறைதவறி விட்டால் மூட்டுகள் மேலும் சிதையும். நோயாளி அந்த இரண்டையும் ஒரே ‘வலி மாத்திரை’ என்று அழைப்பது வழக்கம்.

நெல்லை வாசகர்

மூவருக்கும் நன்றி. மாத்திரை அட்டைகளைப் பார்த்தேன். அவர் விடுவது வலிக்கானது மட்டும்தான். கெத்சமனியைப் பற்றி நேற்றிரவு சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, அப்படியானால் பங்குத்தந்தை சொல்லட்டும் என்றார். மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொடுக்க அவர் எங்கள் வீட்டுக்கு வருவார். மருமகனாகிய நான் அவரிடம் முன்கூட்டியே பேசினால் மாமியார் அதைத் தவறாக எடுத்துக்கொள்வாரா என்பதுதான் இப்போது எனக்கிருக்கும் தயக்கம்.

மறைக்கல்வி ஆசிரியர்

நீங்கள் பேச வேண்டாம். உங்கள் மனைவி பேசட்டும். மாத்திரையின் பெயரையும் அளவையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.