ஒரு மனுவில் நான் தவறாக எழுதிய கடல்

வழக்கறிஞராகப் பதிவு செய்து எனக்கு அப்போது மூன்றாவது ஆண்டு. தங்கச்சிமடத்திலிருந்து இரண்டு குடும்பத்தினர் எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். விசைப்படகில் போன அவர்களுடைய ஆட்கள் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு யாழ்ப்பாணத்தில் காவலில் இருந்தார்கள். மத்திய அரசு தலையிட்டு அவர்களை மீட்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய ஒரு மனு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

இரவெல்லாம் 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடல் சட்ட உடன்படிக்கையைப் படித்தேன். அதன் 73ஆவது பிரிவைக் கண்டதும் வழக்கு முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஒரு நாட்டின் பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்தில் (ஆட்சிக்கடலுக்கு அப்பால், மீன் முதலிய வளங்களின் மீது மட்டும் அந்த நாட்டுக்கு உரிமை உள்ள நீர்ப்பரப்பில்) மீன்பிடி விதியை மீறிப் பிடிபட்ட படகையும் ஆட்களையும் தக்க பிணை பெற்றுக்கொண்டு விரைவில் விடுவிக்க வேண்டும் என்றும், நாடுகளுக்கிடையே வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் அந்தக் குற்றத்துக்குச் சிறைத் தண்டனை விதிக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. இரு நாடுகளும் உடன்படிக்கையை ஏற்றவை. இலங்கை 1994இலும் இந்தியா 1995இலும் கையொப்பத்தை உறுதி செய்தன. மனுவின் மையமாக அந்தப் பிரிவையே வைத்தேன்.

மறுநாள் என் மூத்த வழக்கறிஞர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, மேசை மேல் ஒரு வரைபடத்தை விரித்து, "பாக் விரிகுடாவுல பொருளாதார மண்டலம் எங்க இருக்கு, தம்பி? காட்டுங்க" என்று மட்டும் கேட்டார். காட்ட முடியவில்லை, ஏனென்றால் சட்டப்படி அங்கே அப்படி ஒரு நீர்ப்பரப்பே கிடையாது.

நான் கவனிக்கத் தவறியது இந்தியாவும் இலங்கையும் 1974 ஜூனில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் அடித்தளத்தை. கச்சத்தீவைப் பற்றிய சண்டையாகவே நம் ஊரில் அந்த ஒப்பந்தம் பேசப்படுகிறது. ஆனால் சட்டத்தில் அதன் எடை வேறொரு சொல்லில் இருக்கிறது. ஆதம் பாலத்திலிருந்து பாக் நீரிணை வரை உள்ள கடலை இரு அரசுகளும் 'வரலாற்று நீர்', அதாவது நெடுங்காலமாகத் தம் ஆட்சியில் இருந்துவந்த நீர், என்று ஏற்று, அதன் நடுவே கோடு போட்டுக்கொண்டன. அந்த ஒப்புதல் இல்லாதிருந்தால், இரு கரைகளிலிருந்தும் 12 கடல் மைல் வரை அந்தந்த நாட்டின் ஆட்சிக்கு உட்பட்ட ஆட்சிக்கடல், விரிகுடா அகன்ற இடங்களில் நடுவே பொருளாதார மண்டலம் என்று சாதாரணக் கணக்குப்படி பகுத்திருப்பார்கள். வரலாற்று நீர் என்றான பிறகு கோட்டுக்கு இப்பால் முழுவதும் இந்தியாவுக்கும் அப்பால் முழுவதும் இலங்கைக்கும் உரியதாகிவிட்டது. பாக் விரிகுடாவில் தன் பக்கத்து நீரை உள்நீர் என்றே இலங்கை 1977இல் பிரகடனம் செய்தது. உள்நீர் என்றால் நாட்டுக்குள் இருக்கும் ஏரியைப் போன்றதுதான். வெளிநாட்டுக் கப்பலுக்கு ஆட்சிக்கடலில் உண்டான தீங்கற்ற கடப்புரிமைகூட அங்கே இல்லை. 73ஆவது பிரிவும் அங்கே எட்டாது. தென்கடலில் பொருளாதார மண்டலத்துக்குள் பிடிபடும் ஒருவர் அந்தப் பிரிவைக் கையில் எடுக்கலாம். கச்சத்தீவுக்கு அருகே பிடிபடும் இராமேசுவரத்துக்காரருக்கு அது கிடையாது. ஒரே தொழில், ஒரே வலை. நீரின் பெயர் மாறியதால் ஒருவர் இழக்கும் பாதுகாப்பு இவ்வளவு பெரியது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அந்தக் குடும்பத்துப் பெண்களிடம் முதல் நாள் நான் தந்திருந்த நம்பிக்கையைத் திருத்திச் சொன்ன மாலை இன்னும் எனக்கு வலிக்கிறது.

அதன் பிறகு வரலாற்று நீர் என்ற உரிமை எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்கினேன். கடல் சட்ட உடன்படிக்கை அதற்கு இலக்கணம் தருவதில்லை. விரிகுடாக்களைப் பற்றிய 10ஆவது பிரிவு, வரலாற்று விரிகுடாக்களுக்குத் தான் பொருந்தாது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஐ.நா. செயலகம் 1962இல் வெளியிட்ட ஆய்வு மூன்று அளவுகோல்களை வைக்கிறது: அந்த நீரின் மீது அதிகாரம் செலுத்தப்பட்டிருக்க வேண்டும், அது நெடுங்காலம் தொடர்ந்திருக்க வேண்டும், பிற நாடுகள் அதை எப்படி எடுத்துக்கொண்டன என்று பார்க்க வேண்டும். நம் கடலுக்கு இதற்கான சான்று ஒரு திருட்டு வழக்கில் இருக்கிறது. 1904இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்த அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல் என்ற வழக்கு அது. பாக் விரிகுடாவில் சங்குப் படுகையிலிருந்து அனுமதியின்றிச் சங்கு எடுத்தது திருட்டாகுமா என்ற கேள்விக்கு, ஆகும் என்று நீதிமன்றம் விடையளித்தது. அந்த விரிகுடா திறந்த கடல் அன்று, ஆட்சிப் பரப்புக்குள் அடங்கியது என்பது அதன் முடிவு. மூச்சடக்கிச் சங்கு குளித்தவர்களின் உழைப்புதான் இரண்டு அரசுகளின் உரிமைக்கு ஆதாரமானது. அதே குளியாளிகளின் பேரப்பிள்ளைகளை அந்த உரிமையே கோட்டில் நிறுத்துகிறது. இது அநீதி என்றே நான் கருதுகிறேன்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. மத்திய அமெரிக்காவின் பொன்சேகா வளைகுடாவை 1917இல் அங்கிருந்த நீதிமன்றம் வரலாற்று விரிகுடா என்று அறிவித்தபோது, கரையோர நாடுகள் மூன்றுக்கும் அதைப் பொதுவாக்கியது. 1992இல் பன்னாட்டு நீதிமன்றமும் அதை ஒட்டியே தீர்ப்பளித்தது. கரையை ஒட்டிய குறுகிய பட்டை மட்டும் அந்தந்த நாட்டுக்குத் தனியுரிமை. நம் இரு அரசுகளும் பகிராமல் பிரித்துக்கொண்டன.

பிரித்தபோதும் 1974 ஒப்பந்தம் இரண்டு கதவுகளை விட்டுவைத்தது. முதலாவதன் வழியே நானே போனேன். 5ஆவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்குச் செல்லலாம், அதற்கு இலங்கை பயண ஆவணமோ விசாவோ கேட்காது என்கிறது. அந்தோனியார் திருவிழாவுக்கு இராமேசுவரத்திலிருந்து படகில் சென்றபோது, ஓட்டி ஜி.பி.எஸ். திரையைக் காட்டி, "இப்ப தாண்டிட்டோம்" என்றார். கடவுச்சீட்டு இல்லாமல் வேறொரு நாட்டின் மணலில் இறங்கி நின்றேன்.

இரண்டாவது கதவு 6ஆவது பிரிவு. இரு நாட்டுக் கலங்களும் ஒன்று மற்றதன் நீரில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகளை அனுபவிக்கும் என்று அது சொல்கிறது. அதில் மீன்பிடிப்பும் அடங்கும் என்பது நம் தரப்பு வாதம். 1976 மார்ச்சில் இரு வெளியுறவுச் செயலாளர்கள் மாற்றிக்கொண்ட கடிதங்கள் வெளிப்படையான அனுமதியின்றி அதை விலக்கிவிட்டன என்பது எதிர்வாதம். திருத்திய மனுவில் நான் இந்தப் பிரிவைத்தான் பற்றினேன்.

அந்த வாதத்தைக் கச்சத்தீவு மணலில் உட்கார்ந்து, இலங்கையின் நெடுந்தீவு மீனவர் ஒருவரிடம் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார். கடலடியை வாரி இழுக்கும் நம் இழுவைமடிப் படகுகள் வந்துபோன இரவுகளில் தன் வலைகள் அறுந்து போனதைச் சொன்னார். தன் நாட்டில் அந்த முறையை 2017இலேயே தடை செய்துவிட்டதையும் சொன்னார். பிறகு கேட்டார்: "மரபு எண்டு எழுதியிருக்கு எண்டுறீங்கள், சரி. உங்கட பேரன்மார் பாய் வச்ச வள்ளத்திலதானே தம்பி வந்தவை. நாங்களும் சேர்ந்துதான் பிடிச்சனாங்கள். எஞ்சின் பூட்டி அடிமண்ணை வாரிக்கொண்டு போறதையும் அந்த எழுத்துக்குள்ள சேர்ப்பீங்களோ?"

மனுவின் அடுத்த வரைவில் 'மரபாக' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் படகின் வகையையும் வலையின் வகையையும் சேர்த்து எழுதினேன்.